ஏகாம்பரம் பழக்கிய ஒயர்கள்

உங்கள் கம்பெனி டெஸ்டிங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி போன வாரம் என்னைப் போனில் பிடித்தாள். "சார், ஆடியோ கேபிளைப் புதுசா மாட்டின உடனே சத்தம் நல்லா இருக்காதாமே? மணிக்கணக்கா பாட்டு ஓட விட்டாத்தான் அது பழகி, உண்மையான சத்தம் வருமாமே? ஒரு கஸ்டமர் சண்டைக்கு வர்றார். என்ன பதில் சொல்றது?" என்று கேட்டாள். பின்னால் உங்கள் கூட்டம் சிரிப்பதும் கேட்டது. ரிடையர் ஆனவனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் விடுவானா? போனில் சொன்னால் பாதியில் லைன் போய்விடும். அதனால் எழுதி அனுப்புகிறேன், எல்லோருமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயர் பழகாது. நாம் பழகுவோம். புது வீட்டுக்குக் குடி போனால் முதல் வாரம் மின்விசிறியின் சத்தம் தூங்க விடாது. அடுத்த மாதம் அந்தச் சத்தம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். விசிறியா பழகியது? ஆனால் இதை அப்படியே கஸ்டமர் முகத்துக்கு நேரே சொன்னால் ஆர்டர் போகும். சொல்லாமல் மழுப்பினால் நம் மரியாதை போகும். இரண்டும் போகாமல் ஒருமுறை நான் தப்பித்தேன். என் சாமர்த்தியத்தால் தப்பித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அது 1991. நீங்கள் கம்பெனி பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு போகிறீர்களே, அந்த ஒரகடம் ரோட்டில் எங்கள் ஷெட் தனியாக நின்றது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், சுற்றிலும் நெல். ஸ்பீக்கருக்கும் டேப் டெக்குக்கும் போகிற கேபிள் செய்கிற சின்ன கம்பெனி. நான் அங்கே இன்ஸ்பெக்ஷன். கையில் ஒயரின் மின்தடை பார்க்கிற ஒரு மீட்டர். மீட்டர் சரி என்றால் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் யார் வந்து கெஞ்சினாலும் போட மாட்டேன். அதனால் எனக்கு அங்கே நண்பர்கள் குறைவு.

எங்கள் சரக்கில் முக்கால்வாசியை எடுத்தவர் மெட்ராசில் பெரிய ஆடியோ ஷோரூம் வைத்திருந்த ஒரு மனிதர். பாட்டுக் கேட்கும்போது நாற்காலியில் சாய்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்க மாட்டார். ஷாப் ஃப்ளோரில் அவருக்குக் 'கண்மூடி சார்' என்று பெயர். நல்ல மனிதர்தான். தன் காதின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் கால்வாசி எனக்கு என் மீட்டரின் மேல் இருந்திருந்தால் நான் இன்னும் மேலே போயிருப்பேன்.

ஒருமுறை அவர் ஒரு லாட்டை முழுசாகத் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே அவரும் வந்தார். "சத்தம் பச்சையா இருக்குங்க. கரகரன்னு, முரடா இருக்கு. கனிவே இல்ல" என்றார். எங்கள் சேல்ஸ் மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. அவரை நாங்கள் சேல்ஸ் சார் என்போம். பேசத் தொடங்கினால் எங்கே போய் நிற்பார் என்று அவருக்கே தெரியாது. அன்றைக்கு அவர் வாயில் வந்தது இது: "புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான் சார். ஓட ஓடச் சரியாயிடும்."

கண்மூடி சார் கண்ணைத் திறந்தார். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் அவரும் இதைப் படித்திருக்கிறாராம். "அப்போ நீங்களே ஓட்டிப் பழக்கி அனுப்புங்க. என் கஸ்டமர் எதுக்குக் கடிக்கிற செருப்பைப் போட்டுக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

இப்படித்தான் எங்கள் கம்பெனியில் பாட்டு ரூம் பிறந்தது. பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஒரு டேப் டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், கேபிள் தொங்கவிட ஒரு ஸ்டாண்டு. ஒவ்வொரு கேபிளும் அங்கே சில நாள் பாட்டுக் கேட்ட பிறகுதான் பேக்கிங் போக வேண்டும், பாக்கெட்டின் மேல் 'பழக்கப்பட்டது' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்த ஸ்டிக்கரில் கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் வந்தார்கள். "என் கையெழுத்து மீட்டர் காட்டுவதற்கு மட்டும்தான். கனிவுக்கு வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன். சேல்ஸ் சாரே போட்டுக்கொண்டார்.

எந்தப் பாட்டு ஓட்டுவது என்பதில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் ரோடே அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு முருகன் பாட்டைத் தவிர வேறு எது ஓடினாலும் பேக்கிங் செக்‌ஷன் முறைக்கும். ஒயரில் பிளக்கை ஈயம் வைத்து ஒட்டுகிற சால்டரிங் பெஞ்சில் இருந்த மேரி அக்கா, "ஞாயித்துக்கெழமை ஓவர்டைம் ஓடுனா எங்க பாட்டையும் போடணும், ஒயருக்கு இன்னா சாதி மதமா கீது?" என்று கேட்டார். சேல்ஸ் சார் வீணைதான் என்றார். கடைசியில் எல்லாமே ஓடியது. கண்மூடி சார் ஒரு பாக்கெட்டை மாட்டிக் கேட்டுவிட்டு, "இதுக்கு வீணை கொடுத்திருக்கீங்க, சரியா?" என்றாராம். அந்த வாரம் முழுக்க ஓடியது குத்துப்பாட்டு. சேல்ஸ் சார், "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க!" என்று வாயைப் பிளந்துவிட்டு வந்தார்.

பாட்டு ரூமுக்கு ஆள் வேண்டும். அப்படி உள்ளே வந்தவன்தான் ஏகாம்பரம். பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம், அப்போது இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், டெம்பரவரி. அவனுக்கு வல்லக்கோட்டையில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கும் சம்மதம், அவனுக்கு அதற்கு மேல் சம்மதம். ஆனால் பெண்ணின் அப்பா மட்டும், "கம்பெனி வேலன்னு யார் வேணா சொல்லலாம். பெர்மனென்ட் ஆர்டர கண்ணால பாத்தப்பறம்தான் முகூர்த்தம்" என்று சொல்லிவிட்டார். ஏகாம்பரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கத்துக்குப் பதிலாக, "சார், நம்ம மேட்டரு இன்னாச்சு?" என்றுதான் ஆரம்பிப்பான். நான் இன்ஸ்பெக்ஷன், என் கையில் ஒன்றும் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

ஆனால் வேலையில் சொக்கத்தங்கம். பாட்டு ரூம் ஆரம்பித்த சில மாதங்களில் நாங்கள் எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு சரக்கை வெளியே தள்ளினான். கண்மூடி சாரிடமிருந்து ஒரு ரிட்டர்ன் வரவில்லை. "இப்பதான் சத்தம் திறந்திருக்கு" என்று போன் செய்து பாராட்டினார். சேல்ஸ் சார் தன் செருப்புக் கதையைத் தானே நம்பத் தொடங்கிவிட்டார். எனக்கு மட்டும் உறுத்தல். பழகுவதற்கு முன்னாலும் பின்னாலும் மீட்டர் அதே எண்ணைத்தான் காட்டியது. ஆனால் ரிட்டர்ன் நின்றதும் உண்மை. இரண்டு உண்மையும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இப்படி ஒட்டாமல் நிற்கிற இடம்தான் நம் தொழிலில் விஷயம் உள்ள இடம். அங்கேயிருந்து நகர்ந்து போகாதீர்கள்.

இந்த நிலையில்தான் சிங்கப்பூர் அம்மா வந்தார். அங்கே ஆடியோ கடை நடத்துகிற தமிழ்ப் பெண்மணி, கண்மூடி சாருக்குத் தெரிந்தவர். சரக்கு பிடித்தால் கண்மூடி சார் மூலமாக எங்களிடம் பெரிய ஆர்டர். எங்கள் முதலாளி முன்தினமே சொல்லிவிட்டார், இந்த ஆர்டர் வந்தால் டெம்பரவரி ஆட்களைப் பெர்மனென்ட் செய்வதாக, வராவிட்டால் இருக்கிறவர்களிலேயே சிலரை நிறுத்த வேண்டியிருக்கும் என்று. ஏகாம்பரம் அன்று காலை நெற்றி நிறைய விபூதியோடு வந்தான்.

கண்மூடி சாரின் திட்டம் எளிது. பழக்கிய ஒயரையும் பழக்காத ஒயரையும் மாற்றி மாற்றி மாட்டி அந்த அம்மாவுக்கு வித்தியாசத்தைக் காட்டுவது. அதற்காகக் காலையிலேயே நான் பாட்டு ரூமுக்குப் போய், "ஏகாம்பரம், பழகினதுல ஒரு ஜோடி, பழகாததுல ஒரு ஜோடி தனித்தனியா எடுத்து வை" என்றேன்.

அவன் முழித்தான். "தனித்தனியாவா? நம்ம கைல எல்லாம் கலந்த ஜோடிதான் சார் கீது."

"கலந்த ஜோடின்னா?"

"ஒண்ணு பழகுனது, ஒண்ணு பழகாதது சார்."

உங்களுக்குத் தெரியும், ஸ்டீரியோவில் ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு கேபிள், இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. "எதுக்குடா அப்படி?" என்று கேட்டேன்.

"இன்னா சார் நீங்க, மாடு பழக்கிப் பாத்ததில்லியா? ரெண்டு கன்னுக்குட்டியயும் ஒண்ணா ஏர்ல பூட்டுனா ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இஸ்துகினு போவும். எடப்பக்கம் பழகுன மாடு, வலப்பக்கம் புதுசு. பழசப் பாத்துதான் புதுசு நடக்கும். இங்கயும் அதத்தான் செய்றேன்."

"சரி, இங்க பூட்டுறது இருக்கட்டும். பாக்கெட்ல ஏன் அப்படிப் போடுற?"

"பழகுன ரெண்டயும் ஒரே ஆளுக்கு குடுத்துட்டா, மீதி கன்னுக்குட்டிய எத்தோட சார் பூட்டறது? பாட்டு ரூம்ல கொஞ்ச நாளு, மீதிய வாங்குனவரு வூட்ல அதுங்களே பழகிக்கும். அதனாலதான சார் சரக்கு இவ்ளோ சீக்கிரம் போவுது!" என்றான், பெருமையாக.

இரண்டு மடங்கு உற்பத்தியின் ரகசியம் விளங்கியது. 'பழக்கப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டி மெட்ராஸ் முழுக்க நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒன்று பழுத்தது, ஒன்று பச்சை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து சேல்ஸ் சார் உள்ளே வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கேபிள் டிரம் ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்தார்.

"அப்போ இத்தனை மாசமா கஸ்டமர் எடது காதுல ஒண்ணு, வலது காதுல ஒண்ணா கேட்டுக்கிட்டு இருக்கான்? அந்த அம்மா முன்னாடி இது வெளிய வந்தா என் கதி?" என்றவர் எழுந்து, "மொதல்ல இவனை கேட்டுக்கு வெளிய அனுப்புங்க. இனிமே வர வேணாம்" என்று கத்தினார்.

ஏகாம்பரத்தின் முகம் செத்துவிட்டது. தன் மேல் என்ன தப்பு என்றே அவனுக்குப் புரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அதுவும் சேல்ஸ் சாரின் மேல். செருப்புக் கதையைக் கட்டியது அவர், வேலை போவது இவனுக்கா?

பிள்ளைகளே, நெருக்கடியில் முதலில் யாரையாவது வெளியே அனுப்பத்தான் கை துடிக்கும். அனுப்பிவிட்டால் பிரச்சனையும் போய்விட்டது போல ஒரு சுகம். அந்தச் சுகத்துக்கு ஆசைப்படாதீர்கள். நான் சேல்ஸ் சாரைக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"சார், எடது காது நல்லா இருக்கு, வலது காது பச்சையா இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"கண்மூடி சார்?"

"அவரும் சொல்லல" என்றார். நாங்கள் எதையும் திட்டமிடாமல், யாருக்கும் தெரியாமல், ஊர் முழுக்க ஒரு பரீட்சை வைத்து முடித்திருக்கிறோம். ஒரு காதுக்குப் பழகியது, ஒரு காதுக்குப் பழகாதது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதைவிடச் சுத்தமான பரீட்சையை இன்றைக்கு நீங்கள் உங்கள் லேபில் வைத்தாலும் வைக்க முடியாது.

"அப்போ பழக்கறதே பொய்யா?" என்றார் சேல்ஸ் சார், யாரோ வேறொருவர் ஆரம்பித்த கதை போல.

"ஆனா ரிட்டர்ன் நின்னதே, அது எப்படி?" என்றேன். அதற்குள் கேட்டில் சிங்கப்பூர் அம்மாவின் கார் ஹாரன் அடித்தது. அவனை இப்போதைக்கு விடுங்கள், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று சேல்ஸ் சாரை இழுத்துப் பிடித்தேன். வேறு ஆள் இல்லாததால் அவரும் ஒத்துக்கொண்டார். சால்டரிங் பெஞ்சுக்கு ஆளை அனுப்பி, லைனில் இருந்து அப்போதுதான் இறங்கிய கேபிளில் ஒரு ஜோடியைப் பழகாதது என்று எடுத்து வரச் சொன்னேன். என் மீட்டரில் வைத்தேன். சரியாக இருந்தது.

சிங்கப்பூர் அம்மா அதிகம் பேசவில்லை. பருத்திப் புடவை, கழுத்தில் கயிற்றோடு கண்ணாடி. கண்மூடி சார் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். "முதல்ல பழக்கினதைப் போடு" என்றார். ஏகாம்பரம் கையில் இருந்த கலந்த ஜோடி ஒன்றையே மாட்டினான். வீணை ஓடியது. கண்மூடி சாரின் தலை மெல்ல ஆடியது. "பாருங்கம்மா, எவ்வளவு கனிவு. இப்ப நிறுத்திட்டு, பச்சையைப் போடு. நான் சொல்றேன் எங்கே உறுத்துதுன்னு."

ஏகாம்பரம் பாட்டை நிறுத்திவிட்டுப் புது கேபிளைக் கையில் எடுத்தான். மாட்டுவதற்கு முன்னால் ஒரு கையில் ஒயரையும் இன்னொரு கையில் பிளக்கையும் பிடித்துச் சட்டென்று ஒரு இழுப்பு இழுத்தான். பிளக் தனியாகக் கழன்று அவன் கையோடு வந்துவிட்டது.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சேல்ஸ் சார் கூரையைப் பார்த்தார். ஏகாம்பரம் வேறு புது கேபிள் எடுக்கவும் தோன்றாமல், பிய்ந்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பழைய கேபிளையே இன்னொரு முறை அழுத்திவிட்டுப் பாட்டைப் போட்டான்.

"ம்ம்... கேட்டீங்களா?" என்றார் கண்மூடி சார், கண்ணைத் திறக்காமலே. முகம் சுளித்திருந்தது. "பச்சை! அந்த மேல்ஸ்தாயில அப்படியே கீறுது. தொண்டை உடையற வயசுப் பையன் பேசற மாதிரி. தாங்க முடியல, மாத்துப்பா."

ஏகாம்பரம் மறுபடியும் பாட்டை நிறுத்தி, அதே கேபிளை அழுத்தி, அதே பாட்டைப் போட்டான். கண்மூடி சாரின் முகம் மலர்ந்தது. "ஆஹா! இதோ, திறந்துடுச்சு."

சிங்கப்பூர் அம்மா கண்ணை மூடவே இல்லை. நடந்தது மொத்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கண்மூடி சாரின் மானம் அந்த ரூமிலேயே போயிருக்கும், கூடவே எங்கள் முக்கால்வாசி வியாபாரமும். அந்த அம்மா, "டீ கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

கண்மூடி சார் இன்னொரு பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். நாங்கள் வெளியே வராந்தாவில் நின்றோம், அந்த அம்மா, சேல்ஸ் சார், நான். ஏகாம்பரம் டீ டம்ளர்களோடு நின்றான்.

"தம்பி, மாட்டுறதுக்கு முன்னாடி ஏன் இழுத்தீங்க?" என்று நேராக அவனையே கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். சொல்லு என்றேன். "எல்லாத்தயும் இழுப்பேன்மா. புது மாட்ட ஏர்ல பூட்றதுக்கு முன்னாடி மூக்கணாங்கயித்த ஒரு சுண்டு சுண்டிப் பாப்போம். அடங்குதா, சண்டியான்னு தெரிஞ்சிடும். இதுலயும் அப்பப்ப சண்டி வரும். இஸ்தா ஆடும், இல்ல கையோட வந்துரும். அத்த பெஞ்சுக்கே திருப்பி அனுப்பிருவேன். மேரி அக்கா திட்டிக்கினே மறுபடி சால்டர் வெச்சித் தருவாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தயும்மா. சண்டிய பூட்டுனா பக்கத்து மாடும் கெட்டுரும்."

அங்கே நின்றபடியே எனக்கு எல்லாம் ஒட்டியது. முதல் லாட்டில் கண்மூடி சார் கேட்ட கரகரப்பு அரைகுறைச் சால்டர். என் மீட்டரில் ஒயரைப் படுக்க வைத்துத்தான் பார்ப்பேன். படுக்க வைத்தால் எல்லா ஒயரும் யோக்கியன்தான். வீட்டுக்குப் போய் யாராவது ஸ்பீக்கரை நகர்த்தும்போதுதான் அதன் குணம் தெரியும். அந்தக் குணத்தை இவன் இங்கேயே பார்த்துக் கழித்திருக்கிறான். ரிட்டர்னை நிறுத்தியது வீணையும் இல்லை, முருகன் பாட்டும் இல்லை. மாட்டுக்காரனின் ஒரு இழுப்பு.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே இன்ஸ்பெக்‌ஷன்? நீங்க சொல்லுங்க. ஒயர் பழகுமா?"

சேல்ஸ் சாரின் செருப்பு என் கால் மேல் ஏறி அழுத்தியது. அவருடைய ஆறு மாதக் கதை, கம்பெனியின் ஆர்டர், டம்ளர்களோடு நின்றவனின் கல்யாணம், எல்லாம் என் வாயில் வந்து நின்றன. பழகும் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்குத் தெரிந்த பொய்யைச் சொன்னவன் ஆவேன். அப்புறம் நான் சொல்கிற எதை அவர் நம்புவார்?

"பழகாதும்மா. எங்க மீட்டர் மொத நாளும் கடைசி நாளும் ஒரே எண்ணைத்தான் காட்டுது. பாட்டு ஓடறதால ஒயருக்கு நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. ஆனா இந்த ரூம்ல இருந்து போன சரக்கு எதுவும் திரும்பி வரல. காரணம் இவன் இழுக்கறது. என் மீட்டருக்குத் தெரியாதது அதுல தெரிஞ்சிருக்கு. இன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சுது" என்றேன்.

சேல்ஸ் சார் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அந்தக் கம்பெனியில் எத்தனை பேர்தான் கண்ணை மூடுவது!

அந்த அம்மா டீயைக் குடித்து முடித்தார். "எனக்குப் பாட்டு வேணாம். பாட்டு வேணாம்னா சரக்கும் சீக்கிரம் வரும். ஆனா ஒவ்வொண்ணையும் இழுத்துப் பார்க்கணும். இந்தத் தம்பிதான் இழுக்கணும். இவர் இருக்காரான்னு நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றார்.

"இவரு எங்க பெர்மனென்ட் ஸ்டாஃப்ம்மா!" என்றார் சேல்ஸ் சார். காலையில் அவனைக் கேட்டுக்கு வெளியே அனுப்பச் சொன்ன அதே வாய். ஏகாம்பரம் டம்ளரை நழுவவிட்டான்.

இன்னும் கண்மூடி சார் பாக்கி. பழக்காத சரக்கை சிங்கப்பூருக்கு வாங்குவதாக அவரிடம் யார் சொல்வது? அந்த அம்மாவே உள்ளே போனார். "ஐயா, உங்க காதுக்கு நான் எதிர் பேச மாட்டேன். ஆனா எனக்குப் பழக்காததே போதும். கப்பல்ல வர்ற ஆட்டத்துலயே பழகிடும்" என்றார்.

கண்மூடி சார் நாற்காலியில் நிமிர்ந்தார். "அதுவும் சரிதான். கடல் காத்து வேற. செம்புக்கு நல்லது" என்றார் கம்பீரமாக. தன் சரக்குக்கு மட்டும் பழைய முறைப்படி பாட்டு ஓட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் மறுக்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்காதவரின் கண்ணை வலிய இழுத்துத் திறப்பது இன்ஸ்பெக்‌ஷன் வேலை இல்லை.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு என் பதில்: கஸ்டமரிடம் ஒயர் பழகுமா என்று வாதாடாதே. அவர் என்ன கேட்டார், எப்போது கேட்டார், ஒயரை அசைத்தால் மாறுகிறதா என்று கேள். அவருடைய காது பொய் சொல்லாது, காரணம்தான் தப்பாகச் சொல்லும். காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் உனக்குச் சம்பளம். நேராக அவரே கேட்டால் மட்டும், யார் செருப்பு உன் காலை மிதித்தாலும், இருப்பதைச் சொல்.

ஏகாம்பரத்தின் ஆர்டரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீஸில் வாங்கி, பாட்டு ரூம் வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். இப்படி ஒரு சந்தோஷம் என் சொந்தப் பெர்மனென்ட் ஆர்டரை வாங்கிய அன்றுகூட எனக்கு இல்லை. அவன் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். ஆனால் முகத்தில் நான் எதிர்பார்த்த வெளிச்சம் இல்லை.

"இன்னா ஏகாம்பரம், முகூர்த்தம் குறிக்கலாம்ல?"

"குறிச்சிரலாம் சார். மாமனாரு சாயங்காலம் வராரு." கொஞ்சம் தயங்கினான். "சார், ஒண்ணு கேட்டா கோச்சிக்காதீங்க. அன்னிக்கி அந்தம்மாகிட்ட சொன்னீங்களே, ஒயரு பழகாதுன்னு. நெசமாவா?"

அவன் கேட்பது என்ன என்று எனக்குப் புரிந்தது. அத்தனை மாதம் இடத்துக்கும் வலத்துக்கும் பார்த்துப் பார்த்துப் பூட்டியவன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா?

"நெசமாத்தான். எத்தனை நாள் ஓட்டினாலும் என் மீட்டர்ல ஒண்ணும் மாறல, ஏகாம்பரம்."

அவன் ஸ்டாண்டில் தொங்கிய கேபிள்களைப் பார்த்தான். பிறகு என் கையில் இருந்த மீட்டரைப் பார்த்தான். அவன் முகத்தில் இப்போது என் மேல் ஒரு இரக்கம் வந்திருந்தது.

"ஒயரு நல்லாத்தான் பழகிச்சி சார். உங்க மீட்டருதான் இன்னும் பழகல. ஒரு வாரம் எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

நான் மீட்டரைக் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் குடும்பத்தோடு போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.